அயனிப் பெயர்களில் ஒற்றின் பங்கு

வல்லின மெய் தமிழ்ச் சொல்லின் ஈற்றில் நில்லாது. ஆதலால் ‘நைட்ரைட்’ என்னும் வேதியியற் பெயரைத் தமிழ் மரபிற்கேற்ப எழுதுவோர் இறுதியில் உகரம் சேர்ப்பர். அப்போது ஒற்றை இரட்டிக்காமல் ‘நைட்ரைடு’ என்று எழுதிவிட்டால் மரபு நிற்கும், பொருள் கெடும். நைட்ரைடு வேறோர் அயனி.

மின்சுமை பெற்ற அணுவோ அணுத்தொகுதியோ அயனி எனப்படும். அதன் ஆங்கிலப் பெயரை 1834இல் மைக்கேல் பாரடே, கேம்பிரிட்ஜ் அறிஞர் வில்லியம் ஹியூயெலைக் கலந்து வழக்கிற்குக் கொணர்ந்தார். மின்முனை நோக்கிச் செல்வதால், ‘செல்வது’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லே பெயராயிற்று. (உத்தராயணத்தில் உள்ள அயனமும் செலவையே குறிப்பது நமக்கு வாய்த்த நல்லூழ்.)

எலக்ட்ரானை இழந்தது நேரயனி, ஏற்றது எதிரயனி. உலோக நேரயனி தன் தனிமப் பெயரையே கொள்ளும். இரும்பைப் போல் இருவேறு மின்சுமை உடையவற்றிற்கு உரோம எண்ணும் சேர்ப்பர். எதிரயனியில்தான் ஈற்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். நைட்ரஜன் அணு தனித்து 3 எலக்ட்ரான்களை ஏற்றால் நைட்ரைடு. அதன் மின்சுமை எதிர் 3. ஒரு நைட்ரஜனோடு 2 ஆக்சிஜன் அமைந்தது நைட்ரைட்டு. 3 அமைந்தது நைட்ரேட்டு. இவ்விரண்டிற்கும் மின்சுமை எதிர் 1. ‘ஏட்டு’ என்னும் ஈறு ஆக்சிஜன் மிகுதியைக் காட்டுமேயன்றி எண்ணிக்கையைச் சொல்லாது; சல்பைட்டில் 3, சல்பேட்டில் 4.

வாய்பாட்டில் மொத்த மின்சுமை சுழியாதல் வேண்டும். கால்சியத்தின் மின்சுமை நேர் 2. எனவே கால்சியம் நைட்ரேட்டில் ஒரு கால்சியத்திற்கு 2 நைட்ரேட்டு. நைட்ரேட்டுத் தொகுதியை அடைப்புக்குறிக்குள் இட்டு, வெளியே கீழ்க்குறியாக 2 எழுதுக. அடைப்பை விட்டால் 3ஐ அடுத்து 2 நின்று, 32 ஆக்சிஜன் என்றாகிவிடும்! கால்சியம் நைட்ரைட்டிற்கும் அதே விகிதம். கால்சியம் நைட்ரைடுக்கோ 3 கால்சியம், 2 நைட்ரஜன்: நேர் 6, எதிர் 6.

நைட்ரேட்டு பயிருக்கு உரம். நைட்ரைட்டு கான்கிரீட்டினுள் இருக்கும் எஃகுக் கம்பியைத் துருவினின்று காப்பது. நைட்ரைடு நீர் பட்டால் அமோனியாவை வெளிவிடும்.

இன்னுமோர் இடர் உண்டு. வீடு ‘வீட்டில்’ என்றாவது போல நைட்ரைடையும் இரட்டித்தால் ‘நைட்ரைட்டில்’ என்றாகி, மற்றதனோடு மயங்கும். இங்கே புணர்ச்சி விதியைத் தளர்த்தி ‘நைட்ரைடில்’ என்றெழுதுவதே தக்கது என்பது என் கருத்து. சல்பைடு, சல்பைட்டு; குளோரைடு, குளோரைட்டு ஆகியவற்றிற்கும் இது பொருந்தும். சொல்வதெழுதுதலில் ஆசிரியர் இவ்விணைகளை அடுத்தடுத்து ஒலித்து, பெயரோடு வாய்பாட்டையும் எழுதச் செய்யலாம்.