பாரத்தின் உயரமும் பாலத்தின் உயரமும்

பெரும்போக அறுவடை முடிந்த கையோடு, சவளக்கடைப் பக்கத்து வயல்வெளிகளிலிருந்து கிட்டங்கி ஊடாக நற்பிட்டிமுனைக்கு வரும் வீதியில் வைக்கோல் லொறிகளைக் காணலாம். லொறியின் பக்கப்பலகைகளைத் தாண்டி வைக்கோல் மலைபோல் எழுந்திருக்கும். அதன் உச்சியில் கயிற்றைப் பற்றியவாறு ஓர் இளைஞன் அமர்ந்திருப்பான். வீதிக்குக் குறுக்கே மின்கம்பி வரும்போது அவன் தலையைக் குனிந்துகொள்வான். தமிழர் வயலானாலும் முஸ்லிம்களின் வயலானாலும் காட்சி ஒன்றுதான். லொறியும் பாரமும் சேர்ந்து எத்தனை அடி உயரம் என்று சாரதியைக் கேட்டால், "போன முறையும் இந்த வழியாகத்தானே போனோம்" என்பதே பெரும்பாலும் விடையாக இருக்கும்.

நமது கரையோரப் பிரதேசத்தில் புகையிரதப் பாதை இல்லை. அது மட்டக்களப்போடு முடிந்துவிடுகிறது. ஆகவே புகையிரதப் பாதையின் கீழ் நுழைந்து செல்லும் வீதிகள் நமக்குப் பழக்கமில்லாதவை. மன்னம்பிட்டியில் 2007 இல் புதிய பாலம் திறக்கப்படும் வரை, வாகனங்களும் புகையிரதமும் ஒரே இரும்புப் பாலத்தைப் பகிர்ந்துகொண்டன. அந்நாளில் கொழும்புக்கு நெல் ஏற்றிச்சென்ற சாரதிகள் இரும்புச் சட்டங்களுக்கிடையே வண்டியை நுழைக்கும் எச்சரிக்கையைத் தொழிலோடு கற்றிருந்தார்கள். அகன்ற வீதிகளில் பழகிய இன்றைய இளம் சாரதிக்கு அந்தப் பயிற்சி இல்லை.

உயரத்தை அளப்பது கடினமான காரியமன்று. ஆனால் கண்மதிப்பு உதவாது. வண்டியைச் சமதரையில் நிறுத்த வேண்டும். பாரத்தின் மிக உயர்ந்த இடத்தில் நேரான பலகையொன்றைக் கிடையாக வைத்து, அது வண்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முனையிலிருந்து தரைவரை அளவு நாடாவைத் தொங்கவிட வேண்டும். மேசன்மார் பயன்படுத்தும் மட்டப்பலகை இருந்தால் வேலை இன்னும் சுத்தம். வைக்கோலின் நடுக்கூம்பு, தார்ப்பாய் முடிச்சு, கூரையில் பொருத்திய குளிரூட்டி, அறுவடை இயந்திரமாயின் அதன் மேலே நிற்கும் புகைபோக்கி ஆகிய எல்லாமே உயரத்தில் சேரும். உற்பத்தியாளரின் கைநூலில் உள்ள உயரம், பின்னர் பொருத்தியவற்றைக் கணக்கில் கொள்வதில்லை.

பலர் எண்ணிப்பார்க்காத ஒன்றுண்டு. கூடு அடைத்த லொறி, பாரத்தோடு போகும்போது வில்தகடுகள் அமுங்குவதால் சற்றுத் தாழ்ந்திருக்கும். பாரத்தை இறக்கியதும் உயர்ந்துவிடும். போகும்போது மயிரிழையில் தப்பிய அதே பாலத்தில், வெறுமனே திரும்பும்போது சிக்கிக்கொள்ளலாம். சிக்கிய வண்டியின் டயர்க் காற்றை இறக்கி மீட்பதும் இதே கணக்கின் மறுபக்கம்தான்.

கொள்கலனிலும் இதுபோன்ற ஏமாற்று உண்டு. சாதாரணக் கொள்கலனின் உயரம் எட்டரை அடி. உயரக் கொள்கலன் ஒன்பதரை அடி. தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றே. இழுவைத் தளம் நாலரை அடி எனின், முன்னது 13 அடியில் முடியும், பின்னது 14 அடியைத் தொடும். நமது சாரதிகள் அடியில் சிந்திக்கிறார்கள். எச்சரிக்கைப் பலகையோ மீற்றரில் பேசுகிறது. 4.2 மீற்றர் என்பது 13 அடி 9 அங்குலம். கொள்கலனில் ஓரடி மாறினால் அந்தப் பலகையின் பொருளே மாறிவிடுகிறது. பாலத்தின் அளவைக் குறைத்தும் பாரத்தின் அளவைக் கூட்டியும் முழுமையாக்கிக் கொள்வதே பாதுகாப்பு.

பலகை சொல்லும் உயரமும் எல்லா இடத்திலும் உண்மையாவதில்லை. வளைவான பாலமாயின் நடுவில் உள்ள உயரம் ஓரத்தில் இராது. பாலத்தடியில் வீதி குழிந்து சென்றால், நீண்ட இழுவை வண்டியின் முன், பின் சக்கரங்கள் இருபுறச் சரிவில் நிற்க, நடுப்பகுதி பாலத்தை நோக்கி எழுந்துவிடும். கைபேசி வரைபடமும் இதை அறியாது. அது காருக்கு வழி சொல்வது.

எல்லாவற்றிலும் பெரியது, வீதியே உயர்ந்துவிடுவது. கார்ப்பட் இடும் ஒவ்வொரு முறையும் பழைய படைமீது புதிய படை ஏறினால், மேலேயுள்ள கம்பியும் வளைவும் அதே அளவு நம்மை நெருங்குகின்றன. தஞ்சாவூரை அடுத்த களிமேட்டில் 2022 ஏப்ரல் 27 அதிகாலை, திருவிழாத் தேரின் உச்சி உயரழுத்த மின்கம்பியைத் தொட்டதில் சிறுவர் உட்பட 11 பேர் உயிரிழந்தனர். வீதி புதுப்பிக்கப்பட்டதில் அதன் மட்டம் உயர்ந்திருந்ததாக அப்போது செய்திகள் கூறின. "போன முறையும் போனோம்" என்ற நம்பிக்கைக்கு இதைவிடக் கொடிய மறுப்பு வேண்டியதில்லை.

எச்சரிக்கைப் பலகை மட்டும் போதுமா என்றால், போதாது. அமெரிக்காவின் டர்ஹம் நகரில் 11 அடி 8 அங்குல இடைவெளி கொண்ட புகையிரதப் பாலமொன்று, எச்சரிக்கை விளக்குகள் இருந்தும் லொறிகளின் கூரையை உரித்தெடுப்பதில் உலகப் புகழ் பெற்றது. 2019 இல் பாலத்தையே எட்டு அங்குலம் உயர்த்தினார்கள். மோதல்கள் அதன் பின்னரும் நிற்கவில்லை. பிரித்தானியாவில் ஆண்டுக்கு 1,500 க்கும் மேற்பட்ட தடவைகள் புகையிரதப் பாலங்களில் வாகனங்கள் மோதுகின்றன. அங்கு மூன்று மீற்றருக்கு மேற்பட்ட உயரத்தோடு செல்லும் பார ஊர்திகளில், சாரதியின் கண்ணில் படும்படி அந்த உயரத்தை எழுதிவைக்க வேண்டுமென்பது சட்டம். அதற்கு ஒரு வெண்கட்டியும் ஒரு நிமிடமும் போதும். நமது லொறிகளிலும் பாரம் ஏற்றி முடிந்தவுடன் இதைச் செய்யத் தடையொன்றுமில்லை.

ஆனால் முழுப் பழியையும் சாரதியின் தலையில் கட்டுவது நியாயமன்று. நமது ஊர்களில் வரவேற்பு வளைவுகள் எழுகின்றன; பள்ளிவாசல் வீதிக்கும் கோவில் வீதிக்கும் அலங்கார நுழைவாயில்கள் அமைகின்றன. கட்டியவரின் பெயரும் திறந்துவைத்தவரின் பெயரும் கல்லில் இருக்கும், உயரம் இருக்காது. அதை அடியிலும் மீற்றரிலும் எழுதுமாறு உள்ளூராட்சி சபைகள் அனுமதி வழங்கும்போதே நிபந்தனை விதிக்கலாம். கார்ப்பட் இட்டு முடித்த ஒப்பந்தகாரர், வீதிக்கு மேலுள்ள ஒவ்வொரு கம்பியையும் வளைவையும் மீள அளந்து கொடுத்த பின்னரே இறுதிக் கொடுப்பனவைப் பெறவேண்டும் என்றும் ஆக்கலாம். இவற்றுக்குக் காலம் எடுக்கும். வைக்கோலின் உச்சியில் இருக்கும் இளைஞனைக் கீழே இறக்கி, சாரதியின் பக்கத்தில் அமர்த்துவதை இன்றைக்கே செய்யலாம்.