பெங்குலுவும் கர்ணமும்

மலாக்கா சுல்தானுக்குக் கீழே பெண்டஹாரா, தெமெங்கோங் என்று பெரிய பதவிகள்; கிராமத்தில் பெங்குலு. எங்க வல்லக்கோட்டைப் பக்கத்தில் அந்த இடத்தில் இருந்தவங்க மணியக்காரரும் கர்ணமும். மணியக்காரர் வரி வசூலிப்பார். கர்ணம் அடங்கல், சிட்டா எழுதுவார். ராஜா யாரா இருந்தாலும், நிலம் யாருதுன்னு சொன்னது அந்தக் கணக்குதான்.

1895 சட்டம் இந்தப் பதவிகளுக்கு வாரிசுரிமையை உறுதி செய்தது. 1960இல் உச்ச நீதிமன்றம் அந்த வாரிசுரிமை செல்லாது என்றது. 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு பதவிகளையே ஒழித்தது; தேர்வெழுதி வந்த வி.ஏ.ஓ. அந்த இடத்துக்கு வந்தார்.

இன்னிக்கு ஒரகடம் பக்கம் நிலத்துக்கு என்ன விலைன்னு எல்லாருக்கும் தெரியும். பழைய கணக்கில் பேர் விடுபட்ட குத்தகைக்காரரோட பேரனுக்குப் பட்டாவோ இழப்பீடோ கிடைக்கிறது லேசில்லை. பதவி போச்சு, அது எழுதின எழுத்து போகலை.