கிரெடிட் என்றால் கடனா, வரவா?

காசிமேட்டில் மீன் விற்கும் என் அத்தைக்குப் போன மாதம் ஓர் எஸ்.எம்.எஸ். வந்தது. கணக்கில் ரூ.4,000 'கிரெடிட்டட்' என்றிருந்தது. "இன்னாப்பா, பேங்க்ல என் பேர்ல கடன் எழுதிட்டாங்களா?" என்று கேட்டார்.

நியாயமான சந்தேகம்தான். கிரெடிட் கார்டு என்றால் கடன் அட்டை. ஆனால் வங்கிக் கணக்கில் கிரெடிட் என்றால் வரவு. டெபிட் என்றால் பற்று. நாம் போடும் பணம், வங்கி நமக்குத் தரவேண்டிய கடன். அதனால் வங்கி தன் பேரேட்டில் அதைக் கிரெடிட் பக்கம் எழுதுகிறது. கார்டிலோ கடனாளி நாம்.

சற்று நேரத்தில் ஒருவர் போன் செய்து, "தெரியாம அனுப்பிட்டேன், திருப்பி அனுப்புங்க" என்றார். திருவொற்றியூரில் என் வீட்டுக் கம்ப்யூட்டரில் நெட் பேங்கிங்கைத் திறந்து ஸ்டேட்மெண்ட்டைப் பார்த்தோம். கிரெடிட் பத்தியில் அந்த 4,000 இல்லவே இல்லை. எஸ்.எம்.எஸ். போலி! அனுப்பியிருந்தால் அத்தையின் சொந்தப் பணம்தான் டெபிட் ஆகியிருக்கும்.

உங்களுக்கும் இப்படி வந்தால் எஸ்.எம்.எஸ்.ஸை நம்பாமல் ஸ்டேட்மெண்ட்டைப் பாருங்கள். பணம் உண்மையிலேயே வந்திருந்தாலும் நீங்களே அனுப்பாதீர்கள், வங்கியிடம் சொல்லுங்கள். ஏமாந்துவிட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.