கொசு மெஷின் பாட்டிலை நெம்பித் திறக்கும் முன்

மழை தொடங்கிவிட்டால் மதுரையின் கிருதுமால், பந்தல்குடி வாய்க்கால் ஓரத்துத் தெருக்களில் கொசு மெஷின் எரியாத வீடு குறைவு. லிக்விட் தீர்ந்ததும் புது ரீஃபில் வாங்காமல், காலி பாட்டிலின் மூடியடைப்பைக் கத்தியால் நெம்பி, திரியை உருவி, மண்ணெண்ணெயோ டர்பன்டைனோ ஊற்றி, கற்பூரத்தைப் பொடித்துப் போட்டு, கொஞ்சம் வேப்பெண்ணெயும் விட்டுத் திரும்பச் செருகும் பழக்கம் மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் பரவியிருக்கிறது. திரி கருத்துப்போனால் பிளேடால் சுரண்டுகிறார்கள். உடைந்தால் பஞ்சுத்திரி திரித்து வைக்கிறார்கள். இதை ‘வீட்டுக் குறிப்பு’ என்று சொல்லிக்கொடுக்கும் வீடியோக்களுக்கும் பஞ்சமில்லை. மிச்சமாவது எண்பது, நூறு ரூபாய். அதற்காக இழப்பவை இரண்டு: வீட்டின் பாதுகாப்பு ஒன்று, விபத்து நடந்தால் கேட்கக்கூடிய சட்டப்படியான நிவாரணம் இன்னொன்று. முதலாவது ஓரளவு தெரிந்ததுதான். இரண்டாவதை வக்கீலைத் தேடிப் போன பிறகே பலரும் அறிகிறார்கள்.

மெஷினுக்குள் நடப்பது எளிது. பென்சில் கனத்தில் இருக்கும் அந்தத் திரி, நுண்துளைகள் வழியே எண்ணெயை மேலே இழுக்கிறது. திரியின் நுனியைச் சுற்றி, அதைத் தொடாமல், ஒரு சூட்டு வளையம் இருக்கிறது. 100 டிகிரி செல்சியசுக்கு மேல் காயும் அந்த வளையம், நுனியில் ஊறி நிற்பதை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாக்குகிறது. லிக்விடில் இருக்கும் டிரான்ஸ்ஃப்ளூத்ரின் மருந்து பெரும்பாலும் 0.88 அல்லது 1.6 சதவீதம்தான், மீதி எண்ணெய். திரியின் துளை, எண்ணெயின் அடர்த்தி, வளையத்தின் சூடு மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி செய்யப்பட்டவை. ஒன்றை மாற்றினாலும் கணக்கு தப்பும். மண்ணெண்ணெயின் ஆவி 40 டிகிரியை ஒட்டிய சூட்டிலேயே ஒரு பொறி பட்டால் பற்றக்கூடியது, டர்பன்டைனும் அப்படித்தான். அதை நூறு டிகிரி வளையத்துக்கு நடுவே, தளர்ந்த பிளக் அவ்வப்போது பொறி விடும் ஸ்விட்ச் போர்டில், தூங்கும் பிள்ளையின் தலைமாட்டில் வைக்கிறோம். வேப்பெண்ணெய் கெட்டியானது, திரியில் சரியாக ஏறாமல் நுனியில் கருகி ஒட்டிக்கொள்ளும். திரி கருக்கிறது என்று சுரண்டுகிறவர்கள் பலர் சுரண்டுவது இந்தக் கசடைத்தான். சுரண்டியதும் நுனி மெலிகிறது, துளை பெரிதாகிறது, எண்ணெய் வேகமாக ஏறுகிறது. நெம்பி எடுத்த அடைப்பு மறுபடி பழையபடி இறுகாது. மெஷின் சாய்ந்து நின்றால் எண்ணெய் கசிந்து வளையத்திலும் பிளக் பின்னிலும் இறங்கும்.

“கற்பூரமும் வேப்பெண்ணெயும் இயற்கைதானே” என்கிறார்கள். கற்பூரம் குழந்தையின் வயிற்றுக்குள் போனால் வலிப்பைக் கொண்டுவரும் நஞ்சு. பூசையறையில் இருப்பதால் அது மருந்தாகிவிடாது. “பத்து வருஷமாகச் செய்கிறோம், ஒன்றும் ஆகவில்லை” என்பது அடுத்த வாதம். தீ விபத்து நடந்த எந்த வீட்டிலும் அதற்கு முந்தைய நாள் வரை ஒன்றும் ஆகியிருக்காது. “கம்பெனி லிக்விடும் விஷம்தானே” என்பதில் மட்டும் நியாயம் உண்டு. விஷம்தான். ஆனால் அதில் என்ன இருக்கிறது, எத்தனை சதவீதம், உட்கொண்டால் என்ன சிகிச்சை என்பது லேபிளில் அச்சாகியிருக்கிறது. நீங்கள் கலந்ததைப் பற்றி டாக்டரிடம் யார் சொல்வது? விஷமே வேண்டாம் என்றால் கொசுவலை கட்டுங்கள், ஜன்னலுக்கு வலையடியுங்கள், தொட்டியை வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவுங்கள். டெங்குவைப் பரப்பும் கொசு பகலில் கடிப்பது. ராத்திரி மெஷினை மட்டும் நம்புவது அதற்குப் போதாது.

குழந்தை குடித்துவிட்டால் செய்யவேண்டியதைத் தனியாகச் சொல்லவேண்டியிருக்கிறது, ஏனென்றால் இங்கேதான் அதிகம் தவறு நடக்கிறது. வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத் தண்ணீர், புளித்தண்ணீர், பால், தேங்காய் எண்ணெய் எதுவும் வேண்டாம். மண்ணெண்ணெய் வகை எண்ணெய் வயிற்றில் செய்யும் கெடுதலைவிட, வாந்தியோடு ஏறி நுரையீரலுக்குள் இறங்கும்போது செய்வது பல மடங்கு. அது நிமோனியாவில் கொண்டுபோய் விடும். 108-ஐ அழையுங்கள், இல்லையென்றால் நேரே பெரியாஸ்பத்திரிக்கோ அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கோ போங்கள். பாட்டிலைக் கையோடு கொண்டுபோங்கள். வழியில் ஆலோசனை வேண்டுமென்றால் டெல்லி எய்ம்ஸ் நச்சுத் தகவல் மையத்தின் கட்டணமில்லா எண் 1800 116 117. மறுபடியும் சொல்கிறேன்: வாந்தி எடுக்க வைக்காதீர்கள்.

இனி சட்டம். பூச்சிக்கொல்லிச் சட்டம், 1968 கொசு மருந்துக்கும் பொருந்தும். ஒருவர் தம் வீட்டு உபயோகத்துக்குப் பூச்சிக்கொல்லியைப் பயன்படுத்துவதற்கு 38-ஆம் பிரிவு விலக்கு தருகிறது. ஆகவே உங்கள் வீட்டுக்குள் நடப்பதைக் கேட்க இன்ஸ்பெக்டர் வரமாட்டார். அந்த விலக்கு கடைக்காரருக்குக் கிடையாது. பழைய பாட்டிலில் லூஸ் லிக்விட் நிரப்பி முப்பது ரூபாய்க்கு விற்பவர், பெயரில்லாத ரீஃபிலை வாரச்சந்தையில் போட்டு விற்பவர், எல்லோரும் பதிவு பெறாத பூச்சிக்கொல்லியை விற்கும் குற்றத்துக்குள் வருகிறார்கள். சிறைத் தண்டனை வரை உண்டு. வாங்கும்போது லேபிளில் பதிவு எண், பேட்ச் எண், தயாரிப்பு மற்றும் காலாவதித் தேதி, சாய்சதுரத்தின் கீழ்ப்பாதி முக்கோணத்தில் நிறம் ஆகியவை இருக்கின்றனவா என்று பாருங்கள். நஞ்சின் கடுமை குறையக் குறைய நிறம் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று மாறும். இவை இல்லாத பாட்டிலைத் தொடாதீர்கள்.

புகாரை எங்கே கொடுப்பது என்பதில்தான் ஜனங்கள் அலைக்கழிக்கப்படுகிறார்கள். போலீஸ் ஸ்டேஷனில் மாநகராட்சிக்குப் போகச் சொல்வார்கள், மாநகராட்சியில் எங்கள் வேலையில்லை என்பார்கள். கொசு மருந்து விவகாரம் வேளாண்மைத் துறையின் கையில் இருக்கிறது. அத்துறை அலுவலர்கள்தான் பூச்சிக்கொல்லி ஆய்வாளர்கள். கடைக்குள் போய் மாதிரி எடுத்து ஆய்வுக்கு அனுப்பும் அதிகாரம் அவர்களுக்கு உண்டு. மாவட்ட வேளாண்மை இணை இயக்குநர் பெயருக்குக் கடையின் இடம், வாங்கிய தேதி, பாட்டிலின் போட்டோ வைத்து எழுதுங்கள். “வயலுக்கு அடிக்கும் மருந்துக்குத்தான் நாங்கள்” என்று திருப்பி அனுப்பினால் அந்தப் பதிலை ஏற்காதீர்கள். சட்டம் அப்படிப் பிரிக்கவில்லை. அதே மனுவைத் திங்கள்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். சீட்டில்லாத மனு கொடுக்காத மனுதான். 30 நாளில் ஒன்றும் நடக்காவிட்டால் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்: இந்த மாவட்டத்தில் கடந்த ஆண்டு கொசு மருந்தில் எத்தனை மாதிரி எடுத்தீர்கள்? அந்தக் கேள்விக்கே கோப்பு நகரும்.

இழப்பீடு வேறு வழி. கம்பெனி மெஷின், கம்பெனி ரீஃபில், கைவைக்காத நிலையிலேயே உருகியோ பற்றியோ விட்டால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 உங்கள் பக்கம். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசிப் புகார் எண் வாங்கலாம். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நேரிலும் கொடுக்கலாம், இ-ஜாக்ரிதி இணையதளத்திலும் கொடுக்கலாம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணமில்லை. கம்பெனி மும்பையில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். சம்பவத்திலிருந்து 2 ஆண்டுக்குள் போடவேண்டும். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதி, பழங்குடி மக்கள் ஆகியோருக்கு வருமானம் பாராமல் இலவச சட்ட உதவி உண்டு, எண் 15100. ஆனால் இந்தச் சட்டத்தின் 87-ஆம் பிரிவைப் படியுங்கள்: பாதிப்பு நேர்ந்தபோது பொருள் தவறாகப் பயன்படுத்தப்பட்டோ மாற்றப்பட்டோ இருந்தால் விற்றவர்மீது பொருள் பொறுப்பு வழக்கு நிற்காது. கம்பெனி வக்கீலும் முதலில் கேட்கப்போவது இதைத்தான். நெம்பிய கத்தியின் தடம் அடைப்பின் விளிம்பில் இருக்கும். சோதனைச் சாலையில் மண்ணெண்ணெயும் கற்பூரமும் தெரிந்துவிடும்.

அடுத்த தவறு, வீட்டைக் கழுவித் துடைக்கும்போது உருகிய மெஷினைக் குப்பையில் போட்டுவிடுவது. போடாதீர்கள். கரிந்த மெஷின், பாட்டில், டப்பா, பில் எல்லாவற்றையும் ஒரு பையில் கட்டி வையுங்கள். இடத்தை அப்படியே போட்டோ எடுங்கள், பேட்ச் எண் தெரியும்படி ஒன்று கூடுதலாக. தீயணைப்பு வண்டி வந்திருந்தால் நிலையத்தில் அறிக்கை கேட்டு வாங்குங்கள். அரசு மருத்துவமனையில் ‘ஆக்சிடென்ட் ரெஜிஸ்டர்’ நகலும் டிஸ்சார்ஜ் சுருக்கமும் கட்டாயம். அந்த ரெஜிஸ்டரில் “கொசு மருந்து” என்று எழுதச் சொல்லுங்கள். “ஏதோ எண்ணெய்” என்று எழுதினால் வழக்கு அங்கேயே பாதி போய்விடும்.

வீட்டில் செய்யத்தக்க பராமரிப்பு கொஞ்சம்தான். ஸ்விட்சை அணைத்து, பிளக்கை உருவி, ஆறவிட்டு, வளையத்தின் வெளிப்பக்கத்தைக் காய்ந்த துணியால் துடைக்கலாம். ஈரத்துணி கூடாது. வளையத்தைச் சுற்றி பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தாலோ பிளக் ஆடினாலோ மெஷினை மாற்றுங்கள். பாட்டிலை நிமிர்த்தி வையுங்கள், ஜன்னலைச் சற்றுத் திறந்து வையுங்கள், திரைச்சீலைக்குப் பக்கத்தில் மாட்டாதீர்கள். திரியைச் சுரண்டாதீர்கள், வெட்டாதீர்கள், மாற்றாதீர்கள். காலி பாட்டிலைச் சேர்த்து வைக்காமல் அன்றைக்கே அப்புறப்படுத்துங்கள்.