ஆண்குறி உள்வைப்பு

ஆண்குறி உள்வைப்பு என்பது விறைப்புக் குறைபாட்டுக்கு அளிக்கப்படும் அறுவை மருத்துவ முறைகளுள் ஒன்றாகும். உடலுறவுக்குப் போதுமான விறைப்பைப் பெறவோ, அதனை நிலைநிறுத்தவோ இயலாத நிலை தொடர்ந்து நீடிப்பதே விறைப்புக் குறைபாடு எனப்படும். மாத்திரைகள், ஊசி மருந்துகள், வெற்றிடக் கருவி போன்ற எளிய முறைகள் பலனளிக்காதபோது, அல்லது அவற்றைப் பயன்படுத்த இயலாதபோது, இம்முறை பரிந்துரைக்கப்படுகிறது.

விறைப்பு நிகழும் விதம்

ஆண்குறியின் உள்ளே பஞ்சு போன்ற இரு திசுத் தூண்கள் பக்கத்துக்கொன்றாக நீளவாக்கில் அமைந்துள்ளன. பாலுணர்வு தூண்டப்படும்போது நரம்புகளின் குறிப்பால் இத்தூண்களுக்குக் குருதியைக் கொண்டுவரும் தமனிகள் விரிகின்றன. தூண்கள் குருதியால் நிரம்பி உப்பும்போது, குருதியை வெளியேற்றும் சிரைகள் நசுங்கி அடைபடுகின்றன. உட்புகுந்த குருதி வெளியேற வழியின்றித் தேங்குவதால் விறைப்பு உண்டாகிறது. நரம்பு, தமனி, திசு ஆகியவற்றுள் ஒன்று பழுதுற்றாலும் இச்செயல் தடைபடும். நீரிழிவு நோய், புராஸ்டேட் புற்றுநோய்க்கான அறுவை, தண்டுவடக் காயம், ஆண்குறியை வளையச் செய்யும் பெய்ரோனி நோய் ஆகியன இவ்வாறு பழுது உண்டாக்கக்கூடியவை.

வரலாறு

1936-ஆம் ஆண்டில் உருசிய மருத்துவர் நிக்கொலாய் பொகொராஸ் விலா எலும்புக் குருத்தெலும்பைக் கொண்டு ஆண்குறியை மீளமைத்தார். பின்னர் நெகிழித் தண்டுகளும் முயன்று பார்க்கப்பட்டன. 1973-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் பணியாற்றிய பிரான்ட்லி ஸ்காட், வில்லியம் பிராட்லி, ஜெரால்டு டிம் ஆகியோருடன் இணைந்து நீரால் உப்பக்கூடிய உள்வைப்பை அறிமுகப்படுத்தினார். 1998-இல் சில்டெனாஃபில் மாத்திரை விற்பனைக்கு வந்தபின் பெரும்பாலோருக்கு முதல் மருத்துவம் மாத்திரையே ஆயிற்று. அதனால் பலன் பெறாதோருக்கு உள்வைப்பு இன்றும் தேவைப்படுகிறது.

வகைகள்

வளையும் தண்டு வகை: உலோகக் கம்பியை உள்ளே கொண்ட இரு சிலிக்கோன் தண்டுகள் பொருத்தப்படுகின்றன. வேண்டியபோது நிமிர்த்தியும் மற்ற நேரங்களில் மடக்கியும் வைக்கலாம். அமைப்பு எளியது, விலை குறைவு, பழுதடையும் வாய்ப்பும் குறைவு. ஆனால் ஆண்குறி எப்போதும் உறுதியாகவே இருக்கும் என்பதால் உடையின் வழியே புலப்படக்கூடும்.

உப்பும் வகை: இதன் மூன்று பகுதிகளும் உடலுக்குள்ளேயே உள்ளன. திசுத் தூண்களுக்குள் இரு உருளைகளும், விதைப்பையில் சிறிய எக்கியும், அடிவயிற்றில் உப்புநீர்த் தேக்கியும் வைக்கப்படுகின்றன. எக்கியைச் சிலமுறை அழுத்தினால் தேக்கியிலுள்ள நீர் உருளைகளுக்குள் சென்று விறைப்பை உண்டாக்கும். எக்கியிலுள்ள பொத்தானை அழுத்தினால் நீர் தேக்கிக்குத் திரும்பும். இதன் விலை அதிகம். பகுதிகள் மிகுதி என்பதால் கசிவும் பழுதும் நேரலாம்.

அறுவையும் பின் கவனிப்பும்

முழு மயக்கம் அல்லது தண்டுவட மயக்க மருந்து கொடுத்து, சிறுநீரியல் மருத்துவர் இவ்வறுவையைச் செய்கிறார். சிறிய கீறலின் வழியே திசுத் தூண்கள் விரிக்கப்பட்டு, அவற்றின் நீளம் அளக்கப்பட்டு, பொருந்தும் அளவுள்ள கருவி வைக்கப்படுகிறது. வலியும் வீக்கமும் சில வாரங்கள் இருக்கலாம். பொதுவாக நான்கு முதல் ஆறு வாரங்களுக்குப் பின்னரே உடலுறவு அனுமதிக்கப்படுகிறது.

முடிவெடுக்கும் முன் அறியவேண்டியவை

இவ்வறுவை பழைய நிலைக்குத் திரும்ப முடியாத ஒன்று. தூண்களின் உட்திசு பாதிக்கப்படுவதால், கருவியைப் பின்னர் அகற்றினாலும் இயற்கையான விறைப்பு பொதுவாக மீள்வதில்லை. எனவே மற்ற முறைகளை முயன்று பார்த்த பின்னரே இது தேர்ந்தெடுக்கப்பட வேண்டும்.

கருவி விறைப்பை மட்டுமே தருகிறது. தோலின் தொடு உணர்வையும், உச்ச இன்பத்தையும், விந்து வெளியேற்றத்தையும் அது பொதுவாகப் பாதிப்பதில்லை. பால் வேட்கையைக் கூட்டுவதும், ஆண்குறியை நீளமாக்குவதும் அதன் பணியல்ல. முன்பிருந்ததைவிட நீளம் சற்றுக் குறைந்ததாகச் சிலர் உணர்வதுண்டு. இவற்றை முன்கூட்டியே அறியாதோர் பின்னர் ஏமாற்றமடைகின்றனர். ஆகவே துணைவியையும் உடன் வைத்துக்கொண்டு மருத்துவரிடம் பேசுதல் நன்று.

நோய்த்தொற்றே மிகக் கடுமையான சிக்கல் ஆகும். தொற்று ஏற்பட்டால் பெரும்பாலும் கருவி முழுவதையும் அகற்ற நேரிடும். நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்து பூசப்பட்ட கருவிகள் 2001 முதல் பயன்பாட்டுக்கு வந்தபின் இவ்வாய்ப்பு வெகுவாகக் குறைந்துள்ளது. நீரிழிவு உள்ளோர் அறுவைக்கு முன் குருதிச் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவருதல் வேண்டும். பல கருவிகள் பத்து ஆண்டுகளுக்கு மேலும் செயற்படுகின்றன. பழுதுற்றால் மறு அறுவையில் மாற்றலாம்.

இதய நோயுடனான தொடர்பு

ஆண்குறியின் தமனிகள் இதயத் தமனிகளைவிடக் குறுகியவை. எனவே தமனி அடைப்பின் அறிகுறி முதலில் விறைப்புக் குறைபாடாக வெளிப்படக்கூடும். நெஞ்சுவலி சில ஆண்டுகள் கழித்தே தோன்றலாம். வெட்கத்தால் இக்குறையை மறைப்போரும், விளம்பர மருந்துகளை நாடுவோரும் இவ்வெச்சரிக்கையைத் தவறவிடுகின்றனர். உள்வைப்பு விறைப்பை மீட்டாலும் அடைப்பை நீக்குவதில்லை. ஆதலால் எம்முறையைத் தேர்ந்தெடுப்பினும், குருதி அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றையும் சோதித்துக்கொள்ளல் இன்றியமையாதது.