மூங்கிலும் கணக்குப் புத்தகமும்

மகாராஷ்டிர மாநிலத்தின் கிழக்குக் கோடியில் கட்சிரோலி மாவட்டம் இருக்கிறது. எங்கே பார்த்தாலும் காடு. அங்கே தானோரா தாலுகாவில் மெண்டா என்று ஒரு சின்ன ஊர். பக்கத்து ஊரின் பேர் லேகா. இரண்டையும் சேர்த்து மெண்டா-லேகா என்று சொல்வார்கள்.

மெண்டாவில் இருப்பவர்கள் சுமார் 500 பேர்தான். கோண்டு பழங்குடி மக்கள். பேசுவது கோண்டி மொழி. அது தமிழுக்கு உறவான மொழி.

ஊரைச் சுற்றி 1,800 ஹெக்டேர் காடு. ஒரு ஹெக்டேர் என்பது ஏறக்குறைய இரண்டரை ஏக்கர். அந்தக் காட்டில் மூங்கில் உண்டு. இலுப்பைப் பூ, நெல்லிக்காய், தேன், பீடி இலை எல்லாம் உண்டு. பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து மெண்டா மக்கள் இவற்றைக் கொண்டே பிழைத்தார்கள்.

ஆனால் காகிதத்தில் காடு யாருடையது? அரசாங்கத்துடையது. மூங்கில் வெட்டும் உரிமையை அரசாங்கம் ஒரு பேப்பர் மில்லுக்குக் குத்தகைக்குக் கொடுத்திருந்தது. மில் லாரி லாரியாக மூங்கிலை ஏற்றிப் போனது. ஊர்க்காரர்களுக்குக் கிடைத்தது வெட்டுக் கூலி மட்டும். வீட்டுக்கூரைக்கு நாலு மூங்கில் வெட்டினால் அவர்கள் மேலேயே வழக்கு வரும். இது எந்த ஊர் நியாயம்?

உட்கார்ந்து பேசினார்கள்

1980-களில் மெண்டா மக்கள் ஒரு பழக்கத்தை வளர்த்துக்கொண்டார்கள். ஊர் விஷயம் எதுவானாலும் கிராம சபையில் பேசுவது. வீட்டுக்கு ஓர் ஆணும் ஒரு பெண்ணுமாவது வரவேண்டும். கை தூக்கி ஓட்டுப் போடுவது கிடையாது. எல்லோரும் ஒத்துக்கொள்கிற வரை பேசுவார்கள். ஒருவர் வேண்டாம் என்றாலும் முடிவு தள்ளிப்போகும். இதில் காலம் வீணாகும் என்று நினைக்கலாம். காலம் ஆகத்தான் செய்தது. ஆனால் எடுத்த முடிவைப் பிறகு யாரும் மீறவில்லை.

இன்னொன்றும் செய்தார்கள். படிப்பு வட்டம் அமைத்தார்கள். சட்டம் தெரிந்தவர்கள், காடு பற்றிப் படித்தவர்கள் வெளியூரிலிருந்து வருவார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் உட்கார்ந்து கேள்வி கேட்பார்கள். வெளியூர்க்காரர் விளக்கம் சொல்லலாம். முடிவு சொல்லக் கூடாது. "தில்லியிலும் மும்பையிலும் எங்கள் அரசு, எங்கள் ஊரில் நாங்களே அரசு" என்பது இந்த ஊர்க்காரர்களின் பேச்சு.

பட்டா வந்தது, பாஸ் வரவில்லை

2006-இல் பாராளுமன்றம் வன உரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. காட்டில் வாழ்கிறவர்களுக்கு இந்தச் சட்டம் இரண்டு வகை உரிமை தருகிறது. ஒன்று, குடும்பம் உழுது வரும் நிலத்துக்கு உரிமை. இது 4 ஹெக்டேருக்கு மேல் போகாது. பட்டாவில் கணவன், மனைவி இருவர் பெயரும் இருக்கவேண்டும். அந்த நிலம் பிள்ளைகளுக்குப் போகும், ஆனால் விற்க முடியாது. மற்றொன்று, ஊருக்கே பொதுவான காட்டு உரிமை. காட்டைக் காப்பதும், காட்டில் விளையும் சிறு பொருள்களை எடுத்து விற்பதும் இதில் அடங்கும்.

மெண்டா பொது உரிமையைக் கேட்டு மனுப் போட்டது. 2009-இல் உரிமை கிடைத்தது. நாட்டிலேயே முதன்முதல் இந்த உரிமை பெற்ற ஊர்களில் மெண்டா ஒன்று.

ஊரே மகிழ்ந்தது. ஆனால் மூங்கிலை விற்கப் போனபோது தடை வந்தது. காட்டுப் பொருளை லாரியில் கொண்டுபோக ஒரு பாஸ் வேண்டும். பாஸ் இல்லாத லாரியைச் செக்போஸ்டில் நிறுத்திவிடுவார்கள். அந்தப் பாஸைத் தர வனத்துறை மறுத்தது. "மூங்கில் மரம். மரம் சிறு பொருள் அல்ல" என்றது. 1927-ஆம் வருடத்து வனச் சட்டம் மூங்கிலை மரம் என்றுதான் சொன்னது. உண்மையில் மூங்கில் புல் வகை. நெல்லும் கரும்பும் போல அதுவும் ஒரு புல். 2006-ஆம் வருடத்துச் சட்டம் மூங்கிலைச் சிறு பொருள் என்று தெளிவாகவே எழுதியிருந்தது. இருந்தும் லாரி நகரவில்லை.

ஊர்க்காரர்கள் விடவில்லை. 2011 மார்ச்சில் மத்திய வனத்துறை அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் எல்லா மாநில முதலமைச்சர்களுக்கும் கடிதம் எழுதினார். மூங்கிலைச் சிறு பொருளாகவே நடத்தவேண்டும் என்று அதில் சொன்னார். ஏப்ரல் 27 அன்று அவரும் முதலமைச்சர் பிருத்விராஜ் சவாணும் மெண்டாவுக்கே வந்தார்கள். பாஸ் புத்தகத்தைக் கிராம சபையிடம் கொடுத்தார்கள். ஊர் சார்பில் தேவாஜி தோபா அதை வாங்கிக்கொண்டார். அன்றிலிருந்து பாஸ் எழுதுவது ஊரின் வேலை ஆனது. 2012-இல் விதிகளையும் திருத்தினார்கள். இப்போது கிராம சபையின் குழுவே பாஸ் தரலாம். சிறு பொருளுக்கு அரசுக்கு ராயல்டியோ கட்டணமோ கட்டவேண்டாம்.

பணம் வந்தால்?

மூங்கில் விற்ற வரவு ஒரு கோடி ரூபாயைத் தாண்டியது. 500 பேர் உள்ள ஊருக்கு இது பெரிய தொகை. பெரிய தொகை வந்த இடத்தில் சண்டையும் வரும், திருட்டும் வரும். அதனால் கணக்கு முக்கியம்.

மெண்டாவில் ஊர்ப் பணம் கிராம சபையின் பெயரில் வங்கியில் இருக்கிறது. தனி ஆள் பெயரில் இல்லை. கிராம சபை வருமான வரித் துறையிடம் பான் எண்ணும் வாங்கியது. அந்த எண் இருந்தால்தான் பெரிய வியாபாரியிடம் ஒழுங்காக விற்க முடியும்.

ஊர் நிதிக்கு ஒரு பழைய ஏற்பாடும் உண்டு. காட்டு வேலையில் கூலி வாங்குபவர் பத்தில் ஒரு பங்கை ஊர் நிதிக்குக் கொடுக்கவேண்டும். 300 ரூபாய் கூலி வாங்கினால் 30 ரூபாய் ஊருக்கு. தொகை சின்னதுதான். ஆனால் தன் பணமும் அதில் இருக்கிறது என்றால், அது எங்கே போனது என்று ஒருவர் கேட்காமல் இருப்பாரா?

ஊர்க் கணக்கு எழுதுவது கடினமான வேலை இல்லை. நோட்டில் நடுவே ஒரு கோடு. இடது பக்கம் வரவு, வலது பக்கம் செலவு. எத்தனை கட்டு மூங்கில், என்ன விலை, யார் வாங்கினார், என்ன தேதி என்று எழுதவேண்டும். ஒவ்வொரு செலவுக்கும் ரசீது வேண்டும். கூட்டத்தில் அதை உரக்கப் படிக்கவேண்டும். படிக்கத் தெரியாதவர்களும் காதால் கேட்டுச் சரிபார்க்கலாம்.

2013-இல் மெண்டா இன்னொரு முடிவும் எடுத்தது. உழுகிற நிலத்தையும் கிராமதானமாகக் கிராம சபையின் பெயரில் வைப்பது என்று. இதற்கு மகாராஷ்டிரத்தில் 1964-ஆம் வருடத்துச் சட்டம் இருக்கிறது. உழுவதும் அறுப்பதும் அந்தந்தக் குடும்பமே. வெளியாளுக்கு விற்க மட்டும் முடியாது.

மற்ற ஊர்கள் கேட்பது எப்படி?

முதலில் கிராம சபை கூடி வன உரிமைக் குழுவைத் தேர்ந்தெடுக்கவேண்டும். குழுவில் 10 முதல் 15 பேர். அவர்களில் மூன்றில் ஒரு பங்காவது பெண்கள் இருக்கவேண்டும். குழு மனுக்களை வாங்கும். நிலத்தையும் காட்டையும் நேரில் பார்க்கும். குறைந்தது இரண்டு சான்று வேண்டும். பழைய கிணறு, சுடுகாடு, சாமி இருக்கும் இடம், ஊர்ப் பெரியவர் சொல்லி எழுதிய வாக்குமூலம் எல்லாமே சான்றுதான். இந்தக் காகிதம்தான் வேண்டும் என்று அதிகாரி பிடிவாதம் பிடிக்கக் கூடாது.

கிராம சபையின் தீர்மானம் கோட்ட அளவிலான குழுவுக்குப் போகும். பிறகு மாவட்டக் குழுவுக்குப் போகும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் தரவேண்டும். கோட்டக் குழுவின் முடிவு பிடிக்காவிட்டால் 60 நாளுக்குள் மாவட்டக் குழுவிடம் முறையிடலாம். மனு விசாரணை முடியும் வரை யாரையும் அந்த நிலத்திலிருந்து வெளியேற்ற முடியாது.