பழைய வண்டியும் புதிய எஞ்சினும்

அமெரிக்க நாட்டில் பழைய மோட்டார் வண்டிகளைப் போற்றிக் காப்போர் பலர். அவற்றைத் தம் வீட்டுக் கொட்டகையிலேயே செப்பனிட்டுப் புதிய எஞ்சினைப் பொருத்துவோரும் உளர். 1947-ஆம் ஆண்டில் வெளிவந்த செவர்லே பிக்கப் என்னும் சிறு சரக்கு வண்டி இதற்குத் தக்க சான்றாகும். ஆறு உருளைகளையுடைய அதன் எஞ்சினின் ஆற்றல் 90 குதிரைத் திறனே. அந்நிறுவனம் 1999-இல் வெளியிட்ட எட்டு உருளை எஞ்சின் ஒன்றின் ஆற்றலோ 270, அஃதாவது மும்மடங்கு.

எஞ்சினை மாற்றிய அளவில் பணி முடிந்துவிடுமோ? முடியாது. முதற்கண், அடிச்சட்டத்தின் துருவைச் சுரண்டி, நலிந்த இடங்களைப் பற்றவைத்து வலுவாக்குதல் வேண்டும். பழைய வண்டியின் மின்கலம் 6 வோல்ட். புதிய எஞ்சினுக்கு 12 வோல்ட் தேவை. பழைய கார்புரேட்டருக்குப் பெட்ரோல் மெல்லச் சென்றால் போதும். புதிய எஞ்சினிலோ உயர்ந்த அழுத்தத்துடன் பீய்ச்சப்பட வேண்டும். பீய்ச்சும் அளவையும் நேரத்தையும் சிறு கணினியொன்று வரையறுக்கும்.

இவற்றுள் தலையாயது பிரேக். பழைய வண்டியில் நான்கு சக்கரங்களின் பிரேக்குகளுக்கும் ஒரே உருளையிலிருந்தே எண்ணெய் செல்லும். ஓரிடத்தில் கசிந்தால் நான்கும் செயலிழக்கக்கூடும். ஆதலின் அறிந்தோர், முன் சக்கரங்களுக்கு ஒன்றும் பின் சக்கரங்களுக்கு ஒன்றுமாக இருவழிகளை அமைப்பர். ஒன்று பழுதுற்றாலும் மற்றொன்று வண்டியை நிறுத்தும். அதன் பின்னரே வண்டியைச் சாலையில் செலுத்துவர். விரைந்து ஓடும் ஆற்றலினும் வேண்டுமிடத்து நிற்கும் ஆற்றலே உயிரைக் காப்பது.